ஆங்கில ஸ்டாண்ட்-அப்: முதல் ஒரு மணி நேரம் யாருக்கு?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அமெரிக்கக் கறுப்பினக் காமெடியன் ரிச்சர்ட் ப்ரையர். 1979இல் வெளிவந்த ‘லைவ் இன் கன்சர்ட்’. ஒருவர் தனியாக மேடையில் நின்று பேசிச் சிரிக்கவைக்கும் ஸ்டாண்ட்-அப்பில், ஆங்கிலப் பக்கமே இதுவரை போகாதவர் அங்கிருந்து தொடங்கலாம். வீட்டில் பெரியவர்களும் குழந்தைகளும் தூங்கிய பிறகு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு தொடங்கலாம். மனிதர் வாயைத் திறந்தாலே கெட்ட வார்த்தைதான்.

இந்தப் பதிலை யாரும் எதிர்பார்ப்பதில்லை. கேட்கிறவர்கள் பெரும்பாலும் தமிழில் அலெக்ஸாண்டர் பாபுவையோ பிரவீன் குமாரையோ பார்த்து ருசி கண்டவர்கள். ஆங்கிலத்தில் அடுத்து யார் என்று கேட்கும்போதே கையில் சில பெயர்கள் இருக்கும். டொரன்டோவில் இருக்கும் மச்சான் ரஸ்ஸல் பீட்டர்ஸ் என்றிருப்பார். அலுவலகத்தில் யாராவது ஜெர்ரி சைன்ஃபெல்ட் என்றிருப்பார்கள். கொஞ்சம் அரசியல் பேசுகிற நண்பர் ஜார்ஜ் கார்லினைத் தவிர வேறு பெயரே சொல்லமாட்டார். ‘நம்ம ஆளுங்க’ என்ற பாசத்தில் ரொமேஷ் ரங்கநாதனும் அஸீஸ் அன்சாரியும் இப்போது சேர்ந்திருக்கிறார்கள். இவர்களில் சிலர் எனக்கு மிகவும் பிடித்தவர்கள். இந்தப் பட்டியலுக்கு வெளியே ஒருவரைச் சுத்தமாகப் பிடிக்காது, அவரையும் பிறகு சொல்கிறேன். ஆனால் எனக்குப் பிடிப்பது வேறு, இன்னொருவரை முதலில் பார்க்கச் சொல்வது வேறு.

முதல் ஒரு மணி நேரம் சொதப்பினால் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். ‘அவங்க காமெடி நமக்கு செட் ஆகாது’ என்று ஒரு முடிவு. செட் ஆகாமல் போவது பெரும்பாலும் வேகம்தான். மீட்டிங்கில் ஆங்கிலத்தில் தாராளமாகப் பேசுகிறவருக்கும்கூட, மேடையில் ஒருவர் நடந்துகொண்டே, குரலை மாற்றிக்கொண்டே விடுகிற பேச்சில் மூன்றில் ஒரு வார்த்தை நழுவும். சரி, சப்டைட்டில் போடுவோம் என்றால் அதில் வேறு வம்பு. ஜோக்கின் பீடிகையான செட்டப்பும், வெடிக்கிற கடைசி வரியான பஞ்ச்லைனும் ஒரே நேரத்தில் திரையில் வந்து நிற்கும். அவர் கொஞ்சம் நிறுத்தி, கூட்டத்தைக் காக்கவைத்து, ஒரு மூச்சு விட்டுச் சொல்வதற்குள் நாம் படித்து முடித்திருப்போம். இந்தக் கலையில் பாதி அந்த நிறுத்தத்தில்தான் இருக்கிறது. அதனால் நான் ஒவ்வொருவரையும் இப்படித்தான் எடைபோடுகிறேன்: சப்டைட்டிலை அணைத்துவிட்டு, மூன்றில் ஒரு பங்கு புரியாமலே பார்த்தாலும், எவ்வளவு மிச்சம் நிற்கிறது?

இந்தக் கணக்கில் சைன்ஃபெல்ட் முதல் வகுப்பில் தேற வேண்டும். தெளிவான உச்சரிப்பு, கெட்ட வார்த்தை கிடையாது, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம். அவருடைய டிவி தொடர் 1998இல் முடிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராட்ஹர்ஸ்ட் அரங்கில் ஏறி, இத்தனை வருடமாகச் சொல்லிவந்த ஜோக்குகளையெல்லாம் கடைசி முறையாகச் சொல்கிறேன் என்று அமெரிக்கக் கட்டண டிவியான எச்பிஓ நேரலையில் ஒரு நிகழ்ச்சி செய்தார். அந்த ஜோக்குகளுக்கே சவ அடக்கம் நடப்பது போன்ற ஒரு காட்சியோடு அது தொடங்கும். பிறகு டாக்ஸி, விமானம், சூப்பர்மார்க்கெட், மருந்துக்கடை என்று வரிசையாகப் போகும். எந்த ஜோக்கிலும் ஒரு சொல் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. மேடையில் பேசுவதுதான் மனிதர்களின் முதல் பயம், சாவு அதற்கு அடுத்ததுதான் என்று ஒரு கணிப்பு சொல்கிறதாம். அப்படியென்றால் சாவு வீட்டில் இரங்கல் உரை நிகழ்த்துகிறவரைவிடப் பெட்டிக்குள் படுத்திருப்பவர் கொடுத்துவைத்தவர் என்று அவர் போய் முடிப்பார். அது எந்த ஊரிலும் செல்லும்.

ஆனால் ஒரு மணி நேரம் கழித்து, இந்த மனிதர் யார் என்று கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது. எதற்குப் பயப்படுகிறார், யாரிடம் கோபம், காசுக்கு எப்போதாவது கஷ்டப்பட்டாரா, ஒன்றும் தெரியாது. அப்படித் தெரியாமல் பார்த்துக்கொள்வதே அவர் தொழில் சுத்தம் என்று சொல்கிறவர்கள் உண்டு. 2017இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த நிகழ்ச்சியில், 1970களிலிருந்து கையால் எழுதிச் சேர்த்த ஜோக் தாள்களையெல்லாம் தெருவில் பரப்பி, நடுவில் அவர் உட்கார்ந்திருப்பார். எழுதிப் பழக நினைக்கிற பிள்ளைகள் அந்தக் காட்சியை அவசியம் பார்க்க வேண்டும். பார்வையாளராக வருகிறவருக்கு அவரை நான் இரண்டாம் மாதத்துக்குத் தள்ளுவேன். எல்லாம் புரிந்தும் ஒட்டாமல் போனால், அடுத்தவரைத் தேட ஆர்வம் இருக்காது.

ரஸ்ஸல் பீட்டர்ஸ் விஷயம் நேர் எதிர். உடனே ஒட்டிக்கொள்வார். கனடாவில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தில் 1970இல் பிறந்தவர். 2004இல் கனடா டிவியில் வந்த அவருடைய நிகழ்ச்சி துண்டு துண்டாக இணையத்தில் பரவியது. அப்போது ஐ.டி. வேலையில் இருந்த யாரைக் கேட்டாலும் அந்தப் பேரம் பேசும் கதையைச் சொல்வார்கள்: சீனக் கடைக்காரர் விலையை இறக்க மறுக்கிறார், இந்தியர் விடமாட்டேன் என்கிறார், இரண்டு உச்சரிப்பும் ஒரே வாயில். அடி வாங்கப் போகிறாய் என்று மகனை மிரட்டும் அப்பாவின் குரல் இன்னொன்று. குரலை மாற்றுவதில் கில்லாடி. முதல் முறை பார்த்தபோது வயிறு வலிக்கச் சிரித்தேன், அதை மறைக்கவில்லை.

இரண்டாம் முறை பார்க்கும்போது ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஜோக்கிலிருந்து உச்சரிப்பை மட்டும் கழற்றிவிட்டு, அதே வரியைச் சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள். பாதிக்கு மேல் ஒன்றும் தேறாது. ‘இவன் இப்படிப் பேசுகிறான்’ என்பதுதான் சிரிப்பு, அவன் என்ன பேசுகிறான் என்பது இரண்டாம்பட்சம். நமக்கு இது புதிதும் இல்லை. நெல்லைத் தமிழும் கோவைத் தமிழும் பேசிக் காட்டிக் கைதட்டு வாங்குவதை ‘கலக்கப் போவது யாரு’ நாளிலிருந்தே பார்த்துவருகிறோம். அதையே பார்ப்பதற்கு எதற்கு இன்னொரு மொழிக்குப் போக வேண்டும்?

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவருடைய அரங்கில் சீனர், இந்தியர், அரபுக்காரர், கரீபியர் எல்லோரும் உட்கார்ந்து தங்களைப் பற்றிய கிண்டலுக்குத் தாங்களே சிரிப்பார்கள். வட அமெரிக்கக் காமெடி மேடை அதற்கு முன்பு இவர்களை அதிகம் கண்டுகொண்டதில்லை. நம்மையும் ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கலாய்க்கிறார் என்ற சந்தோஷம் சும்மா வந்ததில்லை. ஆனாலும் அவருடைய அப்பா மேடையில் ஒரு குரலாகத்தான் வந்துபோகிறார். அந்தக் குரலுக்குப் பின்னால் இருந்த ஆள் என்ன வேலை பார்த்தார், புது ஊரில் என்னென்ன பட்டார் என்று கேட்க நமக்குத் தோன்றுவதே இல்லை. ஜோக் அதற்கு இடம் விடவில்லை.

அதே அப்பா அம்மா விஷயத்தை ரொமேஷ் ரங்கநாதனிடம் பாருங்கள். இங்கிலாந்தின் க்ராலியில் 1978இல் பிறந்தவர், இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகன். தான் படித்த பள்ளிக்கூடத்திலேயே கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு மேடைக்கு வந்தவர். அப்பா மோசடி வழக்கில் சிறைக்குப் போனது, வீடு கைவிட்டுப் போய்க் குடும்பம் விடுதி அறையில் முடங்கியது எல்லாவற்றையும் அவரே வெளியில் சொல்லியிருக்கிறார். மானம் போகிற சமாச்சாரம் என்று நம் வீடுகளில் அத்தை காதுக்குக்கூடப் போகாமல் மூடிவைக்கிற விஷயம் அது.

2015இல் பிபிசிக்காக அவர் செய்த ‘ஏஷியன் ப்ரொவோகடூர்’ என்ற தொடரில், சொந்த ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் மகன் வளர்ந்துவிட்டானே என்று அம்மா சாந்தி அவரை இலங்கைக்கு அனுப்பிவைக்கிறார். அம்மாவைப் போலப் பேசிக் காட்டிக் கைதட்டு வாங்குவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அம்மாவையே கேமரா முன்னால் உட்காரவைத்துவிட்டார். அந்த அம்மா மகனைப் போட்டு வாங்குகிற வாங்கில், யார் யாரை வைத்துக் காமெடி செய்கிறார்கள் என்பதே சந்தேகமாகிவிடும். அடுத்த சீசனில் இரண்டு பேரும் சேர்ந்து அமெரிக்கா போனார்கள். வெளிநாட்டுத் தமிழ் அம்மா ஒருவர் திரையில் கேலிப்பொருளாக இல்லாமல், தானே சிரிக்கவைக்கிறவராக வருவதை நான் அதற்கு முன் பார்த்த நினைவில்லை.

அவருடைய ஸ்டாண்ட்-அப் தனி ரகம். எதிலும் அலுப்பு, பெற்ற பிள்ளைகள் மீதே புகார், சிரிக்காத முகம், இழுத்துப் பேசும் குரல். வேகம் நமக்குச் சௌகரியம்தான். தடுக்குவது வேறு இடத்தில்: பிரிட்டிஷ் கால்பந்து வீரர், அந்த ஊர் டிவி தொகுப்பாளர், அந்த ஊர் சூப்பர்மார்க்கெட் என்று பெயர் பெயராக வரும். ஒவ்வொன்றுக்கும் நிறுத்தித் தேடினால் எப்படிச் சிரிப்பது? அதனால் என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. வீட்டுப் பெரியவர்களோடு சேர்ந்து பார்க்க வேண்டுமென்றால் முதல் இடம் அவருடைய அந்தப் பயணத் தொடருக்குத்தான், வேறு பேச்சே இல்லை. மேடை நிகழ்ச்சிக்கு அப்புறம் வரலாம்.

அஸீஸ் அன்சாரியும் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறார். 1983இல் தென் கரோலைனாவில் பிறந்தவர், பெற்றோர் தமிழ்நாட்டு முஸ்லிம்கள். 2015இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் நன்’ தொடரில் சொந்த அப்பா அம்மாவையே அப்பா அம்மாவாக நடிக்கவைத்தார். புலம்பெயர்ந்த பெற்றோர் பட்ட பாட்டைப் பிள்ளைகள் ஒருநாளும் உட்கார்ந்து கேட்பதில்லை என்பதைப் பற்றிய இரண்டாவது எபிசோடை யாருக்கும் தயங்காமல் சொல்வேன். ஸ்டாண்ட்-அப் என்று வரும்போது அந்தக் கீச்சுக் குரலும் வேகமும் நம் காதுக்குத் தடை. மூன்றில் ஒன்று நழுவுவது பாதியாகிவிடும். 2018இல் ஒரு பெண் அவரோடு கழித்த ஒரு மாலையைப் பற்றிச் சொன்ன புகார் பெரிய விவாதமானது. மறு ஆண்டு வந்த ‘ரைட் நௌ’ நிகழ்ச்சியில் அதைத் தொட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார். முக்காலியில் உட்கார்ந்து, குரலைத் தணித்துப் பேசும் அந்த அன்சாரி எனக்குப் பழைய ஆளைவிடச் சுவாரசியமானவர். ஆனால் பழைய ஆளைத் தெரியாதவருக்கு அந்த மாற்றம் எப்படித் தெரியும்?

அம்மா அப்பா என்ற பேச்சு வந்ததால் மரியா பாம்ஃபோர்டைச் சொல்லாமல் போக முடியவில்லை. 2012இல் அவர் ஒரு ஸ்பெஷல், அதாவது தனி ஆளாகச் செய்யும் முழு நீள ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சி, எடுத்தார். இடம், தன் வீட்டு வரவேற்பறை. பார்வையாளர்கள் இரண்டே பேர், சோஃபாவில் உட்கார்ந்திருக்கும் அவருடைய அப்பாவும் அம்மாவும். தன் மனநோயைப் பற்றியும், அம்மாவையே குரல் மாற்றிப் பேசிக் காட்டியும், அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஜோக் சொல்கிறார். அவர்கள் எப்போது சிரிப்பார்கள், எப்போது நெளிவார்கள் என்று நாமும் அவர்களையே பார்த்துக்கொண்டிருப்போம். எனக்கு மிகப் பிடித்த ஒரு மணி நேரங்களில் அது ஒன்று. முதல் முறை பார்க்கிறவருக்குக் கொடுக்கமாட்டேன். கூட்டத்தின் சிரிப்பு இருந்தால், எது ஜோக் என்பதையாவது அது காட்டிக்கொடுக்கும். அந்த உதவியும் இல்லாத வீடு அது.

ஜார்ஜ் கார்லின் பக்தர்கள் இந்த இடத்தில் பொறுமை இழந்திருப்பார்கள். அவருடைய சரித்திரம் பெரிது. தொலைக்காட்சியில் சொல்லவே கூடாத ஏழு வார்த்தைகள் என்ற அவருடைய பகுதி 1972இல் இசைத்தட்டாக வந்தது. அதே ஆண்டு மில்வாக்கி நகரத்தில் அதை மேடையில் சொன்னதற்காகக் கைதானார். அதே சரக்கை நியூயார்க் வானொலி நிலையம் ஒன்று ஒலிபரப்பியது வழக்காகி, 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் ஒலிபரப்பைக் கட்டுப்படுத்தும் அரசு ஆணையத்தின் பக்கம் நின்றார்கள். காமெடியன் ஒருவரின் ஜோக் சட்டக் கல்லூரியில் பாடமானது அப்படித்தான். 2008இல் இறக்கும் வரை எச்பிஓவுக்காக மட்டும் 14 ஸ்பெஷல்கள்.

அவரை முதல் இடத்தில் வைக்காததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, அவருடைய சாமர்த்தியமெல்லாம் ஆங்கிலச் சொற்களைப் பிரித்து மேய்வதில் இருக்கிறது. முதல் உலகப் போரில் இரண்டே அசையில் ‘ஷெல் ஷாக்’ என்று சொன்ன, போர்வீரர்களுக்கு வரும் மனநோயை, போருக்குப் போர் அரசாங்கம் நீட்டி நீட்டி, வியட்நாமுக்குள் எட்டு அசையாக்கி வலியே தெரியாமல் செய்துவிட்டது என்று அவர் 1990இல் எண்ணிக் காட்டுவார். பிரமாதமான பகுதி. ஆங்கிலத்தில் மூழ்கிய காதுக்குத்தான் அது முழுசாக இறங்கும். இன்னொன்று எனக்கு முக்கியம். வானத்தில் உட்கார்ந்து நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஆள் என்று 1999இல் கடவுளைக் கிண்டலடித்தபோது அமெரிக்க அரங்கம் அதிர்ந்து சிரித்தது. பெரியார் திடலும் தெருமுனைக் கூட்டங்களும் இருக்கிற ஊரில் வளர்ந்தவனுக்கு அதில் அதிர்ச்சி ஏதும் இல்லை. மைக் பிடித்துக் கடவுள் இல்லை என்று மணிக்கணக்கில் சொன்னவர்களையும், கேட்டுக்கொண்டே சுண்டல் தின்ற கூட்டத்தையும் தமிழ்நாடு எப்போதோ பார்த்துவிட்டது. கடைசிப் பத்தாண்டில் கார்லின் ஜோக்கைக் குறைத்துக்கொண்டு கண்டன உரைக்குப் போய்விட்டார் என்பதும் என் கட்சி. அதற்குக் கைதட்டல் அதிகம், சிரிப்பு குறைவு. கேட்டுப் பாருங்கள், இரண்டின் சத்தமும் வேறு.

பிடிக்காத அந்த ஒருவர் ஆண்ட்ரூ டைஸ் க்ளே. 1990இல் நியூயார்க்கின் பெரிய அரங்கான மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அடுத்தடுத்து இரண்டு இரவு டிக்கெட் முழுக்க விற்றுத் தீர்த்தவர். தோல் ஜாக்கெட், சிகரெட், பெண்களைப் பற்றிய அசிங்கம், குழந்தைப் பாட்டைக் கெட்ட வார்த்தையாக மாற்றிச் சொல்வது. அதே ஆண்டு ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற அமெரிக்க டிவி காமெடி நிகழ்ச்சிக்கு அவர் தொகுப்பாளராக வந்தபோது, அதில் நடித்துவந்த நோரா டன் அந்த வாரம் வர மறுத்தார். அது வெறும் வேஷம் என்று அவருடைய ரசிகர்கள் சொல்வார்கள். இருக்கட்டும், வேஷத்தை ரசிக்க வைக்கும் ஒரு ஜோக்காவது வேண்டாமா? யாராவது லிங்க் அனுப்பினால் திறக்க வேண்டாம்.

மிட்ச் ஹெட்பர்க் என்ற பெயரும் உங்களுக்கு வரும். நீள முடி, கறுப்புக் கண்ணாடி, ஒரு வரி ஜோக்குகள், 2005இல் 37 வயதிலேயே போய்விட்டார். நான் கொண்டாடுகிற ஆள். ஆனால் அவர் ஜோக் ஒரு சின்ன ஆங்கில வார்த்தை இடம் மாறுவதில் நிற்கும். அந்த ஒன்று நழுவினால் ஜோக்கே போச்சு.

பெண் குரலிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டால் அலி வோங். 2016இல் ‘பேபி கோப்ரா’வில் ஏழு மாத வயிற்றோடு மேடையில் அங்குமிங்கும் நடந்து, புருஷன், சம்பளம், கருச்சிதைவு எல்லாவற்றையும் போட்டு உடைப்பார். உடல் பேசுவதால் மொழி அவ்வளவு தடுக்காது. ப்ரையர் வேண்டாம் என்கிறவருக்கு என் மாற்று அவர்தான். ஹானா காட்ஸ்பியின் ‘நானெட்’ 2018இல் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஜோக் என்பது பதற்றத்தை ஏற்றி இறக்குகிற வேலை, நான் இனி இறக்கிவிடப் போவதில்லை என்று சொல்லி, முதலில் சிரிக்கவைத்த ஒரு கதையின் உண்மையான முடிவைப் பிற்பாதியில் சொல்கிறார். தன்னை ஒருவன் அடித்த கதை அது. பத்து ஸ்பெஷலாவது பார்த்துப் பழகியவருக்குத்தான் அவர் உடைப்பது எதை என்று தெரியும்.

‘க்ளீன் காமெடியாக ஒன்று சொல்லேன்’ என்று கேட்கிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் சங்கடம் உண்டு. பல வருடம் அந்தக் கேள்விக்கு உலகம் சொன்ன பதில் பில் காஸ்பி. கெட்ட வார்த்தை அதிகம் இல்லாமல், பிள்ளைகளை வளர்ப்பது, பல் டாக்டரிடம் போவது என்று 1983இல் வெளிவந்த அவருடைய ‘ஹிம்செல்ஃப்’ இன்றும் பாடம் மாதிரி. பிறகு பாலியல் வன்முறை செய்ததாகப் பல பெண்கள் அவர்மீது புகார் சொன்னார்கள். 2018இல் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. 2021இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம், வழக்கு நடந்த முறையில் தவறு என்று அந்தத் தீர்ப்பை ரத்துசெய்தது. நான் அவரைப் பரிந்துரைப்பதை நிறுத்திவிட்டேன். வாய் சுத்தத்தை வைத்து ஆளை எடைபோடும் பழக்கமும் அத்தோடு போனது.

இதில் ஒரு விசித்திரம். 1960களின் தொடக்கத்தில் மேடைக்கு வந்த ரிச்சர்ட் ப்ரையர், காஸ்பியைப் பார்த்து அதே பாணியில் சுத்தமாக, வெள்ளைக்காரக் கூட்டத்துக்கு உறுத்தாமல் ஜோக் சொன்னவர்தான். அது கைகொடுத்துக்கொண்டிருந்த நேரத்திலேயே, 1967இல் லாஸ் வேகாஸ் மேடையில் கூட்டத்தைப் பார்த்து, இங்கே நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு வந்த ப்ரையர், இல்லினாய் மாநிலத்தின் பியோரியாவில் பாட்டி நடத்திய விபசார விடுதியில் வளர்ந்த பையன். அங்கே பார்த்த சூதாடிகளும் குடிகாரர்களும் தெருவில் போதித்துத் திரிந்த கிழவர்களும் அவர் உடம்பில் ஏறி மேடைக்கு வந்தார்கள்.

‘லைவ் இன் கன்சர்ட்’ 1978 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் படமாக்கப்பட்டது. ஒரு சிவப்புச் சட்டை, ஒரு மைக், வேறொன்றும் கிடையாது. மாரடைப்பு வந்த கதையைச் சொல்கிறார். வீட்டு முற்றத்தில் நடந்துகொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடிக்கிறது. இதயமே ரவுடி மாதிரி அதட்டுகிறது: மூச்சு விடாதே! சரி, விடவில்லை என்று கெஞ்சுகிறார். மண்டியிட வைக்கிறது, தரையில் உருட்டுகிறது. பன்றிக்கறி தின்றபோது இந்தச் சாவு ஞாபகம் எங்கே போனது என்று கேட்கிறது. இதயத்துக்குத் தெரியாமல் கடவுளுக்கு ஃபோன் போடப் பார்த்தால் லைனில் காக்கவைக்கிறார்கள், அதையும் இதயம் கண்டுபிடித்துவிடுகிறது. கண் விழித்தால் ஆம்புலன்ஸில் சுற்றிலும் வெள்ளைக்கார முகங்கள். செத்து, தப்பான சொர்க்கத்துக்கு வந்துவிட்டோமோ என்று பதறுகிறார். அதட்டுகிற இதயமும் அவர், தரையில் புரளுகிற மனிதரும் அவர். ஆங்கிலமே தெரியாத ஒருவர் பார்த்தாலும் என்ன நடக்கிறது என்று புரியும், சிரிப்பும் வரும்.

நம் டிவி மிமிக்ரியில் தேறிய கண்ணுக்கு இங்கேதான் ஒரு ஜன்னல் திறக்கும். ரஜினியையும் சிவாஜியையும் போலச் செய்வதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறோம். இங்கே ஒருவர் தன் மாரடைப்பைப் போலச் செய்கிறார். தான் வளர்த்த குரங்குகள் செத்தபோது வேலி தாண்டி வந்து ஆறுதல் சொன்ன பக்கத்து வீட்டு நாயாக மாறுகிறார். நாய் உண்மையாகவே வருத்தப்படுகிறது, போகும்போது, நாளைக்கு வழக்கம்போல் உன்னைத் துரத்துவேன் என்றும் சொல்லிவிட்டுப் போகிறது. பாட்டி அடிக்கும் பகுதியை நம் ஊர்க்காரருக்கு விளக்கவே தேவையில்லை. அடிப்பதற்கான குச்சியை நீயே போய் மரத்திலிருந்து ஒடித்துக்கொண்டு வா என்று அனுப்புகிறார் பாட்டி. புளிய மிளாறு ஒடித்துக்கொண்டு வந்து கொடுத்து அடிவாங்கிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. ஒடித்த குச்சி காற்றில் விஸ் என்று சத்தம் போட, வீடு வரும் வழியிலேயே அழ ஆரம்பிக்கும் அந்தச் சிறுவனின் நடை, பீட்டர்ஸின் மிரட்டும் அப்பாவை எனக்கு மறக்கடித்துவிட்டது. ப்ரையரின் பாட்டிக்கு வெறும் குரல் மட்டுமில்லை, ஒரு ஆளே இருக்கிறார். அடித்து முடித்ததும் மருந்து போட்டுத் தடவிக்கொடுக்கவும் அவர்தான்.

இவரும் கறை இல்லாதவர் இல்லை. தன் காரைத் தானே துப்பாக்கியால் சுட்ட கதை இதில் வருகிறது. டயர்கள் உயிர்விடும் சத்தத்தை அவர் காட்டும்போது சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் அந்தக் காரில் கிளம்ப நின்றது அவருடைய மனைவி. 1978 புத்தாண்டு அன்று நிஜமாகவே நடந்த சம்பவம் அது. அந்த அம்மா பக்கத்துக் கதை மேடையில் இல்லை என்பது ஒவ்வொரு முறையும் எனக்கு இடறுகிறது. கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் அந்த ஒரு சொல்லும் நிறைய வரும். கென்யா போய்வந்த பிறகு அதை இனிச் சொல்லமாட்டேன் என்று முடிவெடுத்ததை 1982இல் வந்த ‘லைவ் ஆன் தி சன்செட் ஸ்ட்ரிப்’பில் அவரே சொல்கிறார்.

பார்ப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஃபோனில் பார்க்காதீர்கள். கால் விரல் வரை நடிக்கிற ஆள், உடம்பு முழுக்கத் தெரிய வேண்டும், லேப்டாப்பாவது வேண்டும். சப்டைட்டில் வேண்டாம். முதல் சில நிமிடம், இடைவேளை முடிந்து தாமதமாக இருக்கைக்குத் திரும்பும் வெள்ளைக்காரர்களைக் கலாய்ப்பதில் போகும். அதில் ஒன்றும் புரியாவிட்டாலும் அணைத்துவிடாமல் உட்காருங்கள், மாரடைப்பு வரும்வரையாவது. அதுவும் பிடிக்கவில்லை என்றால் அலி வோங்குக்குப் போய்விடலாம், பீட்டர்ஸுக்கு வேண்டாம். பிடித்திருந்தால் நேராக ‘சன்செட் ஸ்ட்ரிப்’. 1980இல் போதைமருந்தோடு விளையாடி உடம்பில் தீப்பற்றிச் சாவின் விளிம்புக்குப் போய்வந்த கதையை அதில் சொல்வார், ஊர் தன்னைப் பற்றிச் சொல்லிச் சிரித்த தீக்குச்சி ஜோக்கைக் கடைசியில் தானே ஒரு தீக்குச்சியைக் கொளுத்திச் சொல்லிக் காட்டுவார். அதற்கடுத்து 1983இல் வந்த ‘ஹியர் அண்ட் நௌ’வைப் பார்க்காமல் விட்டாலும் குறையில்லை.